நாலாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும்

எங்கள் முதல் பாட்டனுக்கு சவேரியாரே ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது தூத்துக்குடிப் பெரியப்பாவின் பிடிவாதம். குடும்ப வரலாறு அச்சுக்குப் போகுமுன் அந்த வரியை எடுக்கச் சொன்னேன்.

"ஏல, பெரியவங்க சொன்னத பொய்யிங்கியா? நாலாங் கட்டள தெரியுமால ஒனக்கு?"

"எட்டாங் கட்டளையும் தெரியும் பெரியப்பா."

தாய் தந்தையைப் போற்று என்பது நாலு. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டு. வம்சம் எழுத உட்காருகிறவன் தலையில் இரண்டும் ஒன்றாக வந்து விழுகின்றன.

எங்கள் பரதவர் தலைவர்கள் போர்த்துக்கீசியரிடம் துணை கேட்டு வந்தது நான் குடியிருக்கும் இந்தக் கொச்சிக்குத்தான். அதையடுத்து 1536-37இல் முத்துக்குளித்துறை ஊர்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றன. சவேரியார் கோவாவில் வந்து இறங்கியதே 1542இல். பாட்டன் முதல் கூட்டத்தில் சேர்ந்தவர் என்றால் கொடுத்தவர் சவேரியார் அல்லர். கொடுத்தவர் சவேரியார் என்றால் பாட்டன் முதல் கூட்டத்தவர் அல்லர். பெரியப்பாவுக்கோ இரண்டும் வேண்டும்.

ஏட்டைப் புரட்டித் தீர்க்கவும் வழியில்லை. பங்குதோறும் பதிவேடு வைக்கவேண்டும் என்று திரிதெந்து சங்கம் கட்டளையிட்டதே 1563இல்தான். பிந்திய ஏடுகளிலும் ஒரே பக்கத்தில் இரண்டு சவேரிமுத்து, மூன்று பர்னாந்து. தகப்பன் பெயரும் ஞானத்தகப்பன் பெயரும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் கோடிழுத்தால், அடுத்த வீட்டுப் பாட்டன் நம் வீட்டுக்கு வந்துவிடுவார்.

செப்டம்பர் 24, வல்லார்பாடம் மாதா திருநாளுக்குப் போனபோதும் பெரியப்பா விடவில்லை. "மத்தேயு யோசேப்போட அப்பா யாக்கோபுங்காரு, லூக்கா ஏலிங்காரு. வேதத்துலயே ரெண்டு இருக்கு. ஒனக்கு மட்டும் என்னல?"

நல்ல கேள்வி. ஆனால் திருச்சபை ஒன்றைச் சுரண்டி மற்றதோடு ஒட்டவில்லை. இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறது. அந்த நேர்மையைத்தான் நான் கேட்கிறேன்.

1752இல் வல்லார்பாடத்துக் காயலில் படகு கவிழ்ந்து, மூன்றாம் நாள் மகனோடு உயிர்தப்பிய மீனாட்சியம்மா மாதாவுக்கே அடிமையாகி, கோவில் முற்றம் பெருக்கி வாழ்ந்தார் என்பது இங்கே வழிவழியாக வரும் செய்தி. அவரும் மகனும் மாதா படத்திலேயே இடம்பெற்றிருக்கிறார்கள். இன்றும் வருகிறவர்கள் துடைப்பம் எடுத்து முற்றம் பெருக்குகிறார்கள். மீனாட்சியம்மாவுக்கு நீ என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. நேர்ச்சையே போதும்.

விசுவாசத்துக்கு ரத்தச் சான்று தேவையில்லை என்றால், பாட்டனுக்கு மட்டும் புனிதரின் கை எதற்கு? பெயர் தெரியாத ஒரு குருவிடம் தண்ணீர் வாங்கியவர் எந்த வகையில் குறைந்துபோனார்? புகழ்பெற்ற கையைத் தேடும்போதே, பாட்டன் மட்டும் நமக்குப் போதாது என்று சொல்லிவிடுகிறோம். நாலாம் கட்டளை மீறப்படுவது அங்கேதான்.

எட்டாவது என்னையும் கட்டுகிறது. ஏட்டில் இல்லாததாலேயே நடக்கவில்லை என்று நான் எழுதினால் அதுவும் பொய்ச்சாட்சியே. ஆகவே, 'எங்கள் வீட்டில் இப்படிச் சொல்வார்கள்' என்று ஒரு வரியும், அதனடியில் ஆண்டுகளும் போடலாம் என்றேன்.

பெரியப்பா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: அவர் வரி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.