எது தேர், நாகசேனரே?

பழைய வேன் வாங்கப் போகிறவனிடம் 'இதில் எதுப்பா பழசு?' என்று கேட்டால் கோபம் வரும். ஆனாலும் கேட்டேன். கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவனை மெக்கானிக் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனால் வேறென்ன நடக்கும்?

வாங்கப் போகிறவன் என் மச்சினன். பிரான்சில் வேலை பார்த்து, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவன். வேன் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருக்க வேண்டும்; உள்ளே ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, தண்ணீர் டேங்க். "வீடு, வாடகை, வரி எல்லாம் போதும் மாமா. கல்வராயன்மலை, ஜவ்வாதுமலைன்னு போய்க்கிட்டே இருக்கணும்." புது வண்டி ஆகாதாம். அதில் கோளாறு வந்தால் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். பழசு என்றால் எந்த ஊரிலும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படுத்து வேலை பார்க்க ஒரு ஆள் கிடைப்பான். நியாயம்தான்.

இந்த ஆசை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1969-ல் பாரிசிலிருந்து தரைவழியாகவே ஒரு கூட்டம் வண்டிகளில் கிளம்பி ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் தங்குவதற்கென்று எழுந்ததுதான் 'ஆஸ்பிரேஷன்' குடியிருப்பு. 1979-ல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அந்த நாடுகள் வழியாக வந்த பாதை அதோடு போயிற்று. ஆசை மட்டும் போகவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டும், ஆனால் அடுப்பும் மெத்தையும் கூட வர வேண்டும். துறவில் இப்படி ஒரு வகையை நம் நூல்கள் எதுவும் சொல்லவில்லை.

அவன் பார்த்து வைத்திருந்தது மகிந்திராவின் எஃப்ஜே வேன். பழைய எஃப்சி ஜீப்பின் வம்சம். டிரைவர் இஞ்சின் மேலேயே உட்கார்ந்து ஓட்டுவார். ஒரு காலத்தில் பள்ளிக்கூட வேனாகவும் ஆம்புலன்சாகவும் ஓடிய வண்டி. மெக்கானிக் பையில் இருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே தடவிக்கொண்டே போனார். சில இடத்தில் 'டப்' என்று ஒட்டியது, சில இடத்தில் வழுக்கி விழுந்தது. விழுந்த இடமெல்லாம் பட்டி. தகடு துருப்பிடித்துப் போன ஓட்டையில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்று தகட்டை உள்பக்கமிருந்து தின்னும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. பாடியே கம்பெனி பாடி இல்லை, எங்கோ ஒரு பட்டறையில் கட்டியது. பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு எப்போதோ டீசல் இஞ்சின் வைத்திருக்கிறார்கள். கியர்பாக்ஸ் இன்னொரு வண்டியுடையது. ஃபோர் வீல் லிவர் அசையவே இல்லை. பல வருஷம் யாரும் போட்டதில்லை. "எல்லாம் மாத்துனதுதான் சார். ஆனா சேசிஸ் நம்பர் இருக்கு" என்றார். துருவை டீசல் துணியால் துடைத்து, எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசிக் காட்டினார். எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

அங்கேதான் எனக்கு நாகசேனர் நினைவு வந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கே ஆண்ட கிரேக்க அரசன் மெனாந்தரை பௌத்த நூல் மிலிந்தன் என்று அழைக்கும். தேரில் வந்த அவனிடம் பிக்கு நாகசேனர் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறான். அப்படியானால் தேர் எங்கே? இத்தனையும் சேர்ந்த இடத்தில் வழக்கத்துக்காக வைத்த பெயர்தான் தேர் என்பதில் போய் முடிகிறது பேச்சு. நாகசேனர் என்ற ஆளும் அப்படித்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் பௌத்தமல்ல, அது ஆன்மவாதி. எது மாறினாலும் இரும்பில் குத்திய எண் மாறாத வரை வண்டி அதே வண்டி. ஆனால் மாற்றத்தையும் அது லேசில் விடாது. 52-ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. படுக்கையும் அடுப்பும் பொருத்துவது அவன் நினைப்பது போல ஆசாரி வேலை மட்டுமல்ல, ஆர்டிஓ வேலையும்கூட. 2021-ல் பாரம்பரிய வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இஞ்சின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. அப்படி இருந்தால் தனி நம்பர் தருவார்கள். ஆனால் அந்த நம்பரோடு கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாமே தவிர, அன்றாடம் ஓட்ட முடியாது. மாறாத வண்டி போகக் கூடாது, போகிற வண்டி மாறாமல் இருக்காது. சட்டம் எழுதியவருக்கே தெரியாமல் இதில் கொஞ்சம் வேதாந்தம் புகுந்துவிட்டது.

நாகசேனரிடம் எனக்கு முழுச் சம்மதமில்லை. திருவாரூர் ஆழித்தேர் 1926-ல் தீப்பிடித்து எரிந்தது. புதிதாகச் செய்து 1930-ல் ஓடவிட்டார்கள். பிறகு திருச்சி பெல் ஆலையின் இரும்புச் சக்கரம் வந்தது, ஹைட்ராலிக் பிரேக் வந்தது. எந்தத் திருவாரூர்க்காரராவது அது வேறு தேர் என்பாரா? இங்கே வில்லியனூர்த் தேருக்கு அன்று பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்தார், இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். கொடியே மாறியும் தேர் மாறவில்லை. அது மரத்திலும் எண்ணிலும் இல்லை. வருஷா வருஷம் ஊர் கூடி இழுப்பதில் இருக்கிறது.

வேனுக்கு அந்த ஊர் இல்லை. அதே வேன் என்று சொல்ல இவன் ஒருவன்தான். அப்படியானால் இவன் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குவது தன் பற்றையேதான்.

தப்பா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரதி 1908 முதல் பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தார். இங்கே அவர் கண்ட குள்ளச்சாமி அழுக்குக் கந்தை மூட்டையைச் சுமந்துகொண்டு தெருவில் திரிந்தவர். இது என்ன கோலம் என்று பாரதி கேட்டதற்கு, நான் வெளியே சுமக்கிறேன், நீ உள்ளே சுமக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போனாராம்; 'பாரதி அறுபத்தாறு' பாடலில் வருகிறது. மச்சினனுடைய மூட்டைக்கு நாலு சக்கரம் இருக்கிறது, வெளியே நிற்கிறது, காந்தம் வைத்துப் பார்க்கலாம். துறவு என்று அதற்குப் பெயர் வைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆர்சி புக்கில் எரிபொருள் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கிறது. டீசல் என்று மாற்றி எழுதி வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றான். "பழைய பச்சை கலரே அடிச்சிடலாமா மாமா?" என்கிறான்.