பந்தலும் கூரையும்: நிலைத்திருத்தல் பற்றிச் சில கேள்விகள்

பழைய வீட்டைப் புதுப்பித்து, பின்னால் காய்கறித் தோட்டம் போட்டு, பருவத்தோடு பருவமாக வாழ்வதை நல்ல வாழ்வு என்று இன்று பலரும் எழுதுகிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சுண்ணாம்புக் காரைச் சுவர், திண்ணை, முற்றம், கொல்லையில் அவரைப் பந்தல். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாழ்வுக்கு அடியில் பேசப்படாத நிபந்தனை ஒன்று கிடக்கிறது. அடுத்த பருவத்திலும் நான் இங்கேதான் இருப்பேன் என்கிற உறுதி அது. அந்த உறுதி யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது? ஓர் இடத்தைப் பேணிக் காக்கிறவருக்கு அந்த இடத்தின் மேல் உரிமை உண்டா? சேரியிலிருந்து கேட்டுப் பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். பறையர்கள் குடியிருந்த மனைகூட அவர்களுடையதாக இல்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம் என்கிற நிலை அதில் பதிவானது. எதிர்த்துப் பேசினால் கூலி மட்டுமா போகும்? வீடும் போகும். 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. விவசாயக் கூலி குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வருவதற்கு 1971 ஆக வேண்டியிருந்தது.

இதையெல்லாம் எங்க ஆயா படித்ததில்லை. ஆனால் ஆயா போட்ட தோட்டத்தில் இந்த வரலாறு இருந்தது. அவரை, புடலை, பீர்க்கன், பரங்கி, கத்தரி, கொத்தவரை. எல்லாம் ஒரு பருவத்துச் செடிகொடிகள். மாமரமோ தென்னையோ கிடையாது. "மரம் வெச்சா ஆண்டை சும்மா இருப்பானா? வேர் உட்ட மரத்தப் பாத்தா மண்ணே இவளுதுன்னு ஆயிப்பூடும்னு அவனுக்குத் தெரியாதா?" என்று சொல்லும். ஆயாவின் கணக்கு சரியானது. அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை அனுபவிப்பதற்கென்றே வருவாய்த்துறையில் 2சி பட்டா என்று ஒன்று உண்டு. இத்தனை வருஷமாக இங்கே ஒரு குடும்பம் இருந்தது என்று மரம் சாட்சி சொல்லும். மாசியில் காய்ந்துபோகிற அவரைக்கொடி என்ன சாட்சி சொல்லும்?

பருவம் என்பதும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. மாதச் சம்பளக்காரருக்குப் பருவம் கண்ணுக்குத் தெரிகிறது, கூலிக்காரருக்கு வயிற்றில் தெரிகிறது. தை அறுப்பு முடிந்தால் வேலை குறையும். ஐப்பசி அடைமழையில் நாள்கணக்கில் வேலை நிற்கும். அப்போதுதான் ஆண்டை வீட்டு வாசலில் போய் முன்பணம் கேட்க வேண்டி வரும். வாங்கிவிட்டால் அடுத்த அறுப்புக்கு அவன் சொன்ன கூலிதான். கூரைமேல் ஏற்றிவிட்ட நாலு பரங்கிக்காயும், சித்திரை வெயிலில் காயவைத்த கொத்தவரை வற்றலும், வேலியோரத்துக் கீரையும் ஒரு வாரத்தைத் தள்ளிக் கொடுக்கும். அந்த ஒரு வாரம் எங்கம்மா "வரமாட்டேன்" என்று சொல்ல முடிந்தது. அறம், சுயமரியாதை என்று நாம் பேசுவதெல்லாம் மறுக்க முடிகிறவருக்குத்தான் பொருள்படும். சோற்றுக்கு வழியில்லாதவரிடம் போய்த் தலைநிமிர்ந்து நில் என்பது லேசு. அவர் நிமிர்ந்து நிற்கக் கொஞ்சம் பரங்கிக்காயும் வேண்டியிருக்கிறது.

இப்போது நாங்கள் இருப்பது காலனியில் அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தளத்தில் மழைநீர் இறங்கி உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. துருவேறிய கம்பி பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். தூங்குகிறவர் மேல் காரை பெயர்ந்து விழும். போன சித்திரையில் செப்பனிட்டோம். தளர்ந்த காரையைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துருப் போகத் தேய்த்து, புதுக் கலவை வைத்து அடைத்தோம். மேலே தட்டோடு பதித்தோம். ஆடியில் அம்மா விதை ஊன்றியது. கூரை வேலையும் விதைப்பும் மழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். ஐப்பசியில் தளம் ஒழுகவில்லை. மார்கழிப் பனியில் அவரை பூத்தது. அசுவினி பிடித்த கொழுந்தில் அம்மா அடுப்புச் சாம்பலைத் தூவியது.

கான்கிரீட் எதற்கு, மண்சுவரும் கீற்றும் குளிர்ச்சியாயிற்றே என்று ஒரு நண்பர் கேட்டார். குளிர்ச்சிதான். ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோனது ஒரு கூரைக் குடிசைக்குள். தீப்பிடிக்காத தளம் கேட்பவரை ரசனையற்றவர் என்று சொல்லும் அழகியல் யாருடைய அழகியல்?

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர் எதை வைத்துக்கொள்வது, எதை இடிப்பது என்று முடிவு செய்கிறார். திண்ணையை வைத்துக்கொள்கிறார். அதில் யார் உட்காரக் கூடாது என்றிருந்ததோ அந்த நினைவை வைத்துக்கொள்வதில்லை. மலம் அள்ள வந்தவள் கொல்லைச் சந்து வழியாகத்தான் வந்து போனாள். அந்தச் சந்தில் இப்போது ரோஜாத் தொட்டிகள் நிற்கின்றன. ரோஜா இருக்கட்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அவளைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டாமா?

நாம் வீட்டைச் செப்பனிட்டால் என்ன நடக்கிறது என்பதும் வரலாற்றில் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் நுழைந்து, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாங்கிய சாமான்களை அடித்து நொறுக்கியது, கிணற்றைக் கெடுத்தது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலுமாக 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. அம்பேத்கர் 1930களில் தன் புத்தகங்களுக்கென்றே தாதரில் கட்டிய வீடு ராஜகிருகம். 2020 ஜூலை 7 அன்று அங்கே நுழைந்தவர்கள் கண்ணாடியோடு பூந்தொட்டிகளையும் செடிகளையும் நாசம் செய்தார்கள். ஒரு பூந்தொட்டி யாரை என்ன செய்தது? இவர்கள் இங்கேயே இருக்கப் போகிறார்கள், நன்றாகவும் இருக்கப் போகிறார்கள் என்று அது சொல்கிறது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தோழர்கள் சிலர் இன்னொரு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். காலனியைச் செப்பனிடுவது ஊர் வேறு, சேரி வேறு என்கிற எல்லைக் கோட்டையே செப்பனிடுவது ஆகாதா? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றியவர்களை அம்பேத்கர் கடுமையாக மறுத்தாரே, கிராமத்தை விட்டு வெளியேறுவதுதானே வழி? நியாயமான கேள்வி. என் பதில் இது. விருப்பப்பட்டுப் போவதும் துரத்தப்பட்டு ஓடுவதும் ஒன்றல்ல. போக வேண்டுமானால் சொந்தத் தளத்தின் கீழ் நின்று, நாளை போகலாமா, தங்கலாமா என்று யோசிக்கிற அவகாசம் வேண்டும். நகரத்துக்குப் போய்ப் பிளாட்பாரத்தில் விழுந்தவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. கோட்டை அழிக்கும் போராட்டத்தைக்கூட ஒழுகாத வீட்டிலிருந்து நடத்துவது நல்லது.

ஆக, பேணுகிறவருக்கு உரிமை உண்டு என்கிறேன். இதை மிராசுதாரிடம் சொல்வது நமக்குப் பழக்கம். நம் வீட்டுக்குள் சொல்லிப் பார்ப்போமா? எங்கள் வீட்டுப் பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. புதுக் கலவை காயாமல் ஏழு நாள் தண்ணீர் ஊற்றியது அம்மா. விதை எடுத்து வைப்பதும், பாத்திரம் கழுவிய தண்ணியைக் கொடிக்குத் திருப்புவதும் அம்மா. பட்டா மாற்றம் என்று பேச்சு வந்தால் மட்டும் அண்ணன் பேரா, தம்பி பேரா என்றுதான் கணக்கு ஓடுகிறது. அம்மா பேரில் மாற்றலாம் என்றேன். "எனக்கெதுக்குடா பேரு, நான் இன்னும் எத்தினி நாளைக்கு" என்றது அம்மா. ஆயா மரம் வைக்காமல் இருந்ததும் இந்த 'எதுக்கு'தான். ஆயா ஆண்டைக்குப் பயந்தது. அம்மா யாருக்குப் பயப்படுகிறது என்று மகன்கள் நாங்கள்தான் யோசிக்க வேண்டும். காலனியில் இப்படி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று தோழர்கள் தங்கள் தெருவில் எண்ணிப் பார்க்கலாம்.

மனு எழுதியாகிவிட்டது. தாலுகா ஆபீசில் கொடுக்க வேண்டும். அண்ணன் கையெழுத்து மட்டும் இன்னும் பாக்கி.