பதினைந்து விநாடி

டாஃப்னியா என்று ஒரு நன்னீர் உயிர். தமிழில் நீர்த்தெள்ளு என்பார்கள், ஆனால் பூச்சியல்ல, இறால் வகையறா. வளர்ந்தாலும் சில மில்லிமீட்டர்தான். உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் இதயம் துடிப்பது நுண்ணோக்கியில் அப்படியே தெரியும். ஒரு பொருள் தண்ணீரைக் கெடுக்குமா என்று அறிய பெரும்பாலும் இதனிடம்தான் போகிறார்கள்.

ஓஇசிடி வகுத்த சோதனை எளிமையானது. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை அந்தப் பொருள் கலந்த நீரில் 48 மணி நேரம் விடவேண்டும். பிறகு பாத்திரத்தை மெல்ல அசைத்து 15 விநாடி பார்க்கவேண்டும். நீந்தாவிட்டால் பாதிப்பு. நீந்தினால் பாஸ்.

நாற்றம் வராமலிருக்க சில காலுறைகளில் வெள்ளி நானோ துகள் சேர்க்கிறார்கள். துவைக்கும்போது ஒரு பகுதி நீரோடு போய்விடும். துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி, டாஃப்னியா சோடியம் உறிஞ்ச உதவும் நொதியை முடக்குகிறது. நன்னீரில் வாழும் உயிருக்கு உடலின் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்டுவதே அன்றாடப் பிழைப்பு. போதாக்குறைக்கு, பாசியோடு துகளையும் சேர்த்து வடிகட்டி விழுங்குகிறது. அளவு கொல்லும்படி இல்லாவிட்டாலும் உண்பது குறையலாம், பழுதுபார்க்கவே ஆற்றல் போய்விடலாம். மிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும். ஆனால் அந்த 15 விநாடியில் அது நீந்திவிடும்.

என் தொழிலில் இது பழகிய கதை. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி கேட்போம். 'இருக்கேன்' என்று பதில் வந்தால் பச்சை விளக்கு. உள்ளே எல்லாமே பத்து மடங்கு தாமதமாக ஓடிக்கொண்டிருக்கும். (மனிதர்களையும் இப்படித்தான் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறோம், அதை விடுங்கள்.)

எது தீங்கு என்பது அறிவியல் கேள்வி போலத் தெரிகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. அசைவின்மையை எண்ணுவது சுலபம், இரண்டு நாளில் முடிந்துவிடும். 21 நாள் குட்டிகளை எண்ணும் சோதனையும் உண்டுதான். அங்கும் கணக்கில் வருவது பெரும்பாலும் அடுத்த தலைமுறையே. தாய் எவ்வளவு சிரமப்பட்டு அவற்றைப் பெற்றது என்பதற்குக் கட்டமில்லை.

டாஃப்னியாவுக்கு வலிக்குமா என்ன, என்று கேட்பீர்கள். வலிக்காமலே போகட்டும். தேடிச் சேர்த்ததை எல்லாம் நாம் கொட்டிய ஒன்றைச் சமாளிக்கவே செலவழிக்க வேண்டியிருந்தால், அதன் வாழ்க்கையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டோம் என்றுதானே பொருள்? அந்தச் சோதனை விதியிலேயே ஒரு வரி இருக்கிறது: உணர்கொம்பு அசைந்தாலும், நீந்தாவிட்டால் பாதிப்பு என்றே குறிக்கவேண்டும். உயிர் இருந்தால் மட்டும் போதாது என்று எழுதியவர்களுக்கே தோன்றியிருக்கிறது. பிறகு ஏன் நீச்சலோடு நின்றார்கள்? ஒரு சிறு குப்பியில் அடைத்து ஆக்ஸிஜன் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் மூச்சையும் அளக்கலாம். கூடுதலாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.