பந்தியும் பலிபீடமும்

அயர்லாந்து இலக்கியத்தில் கடவுளைப் பற்றிய வழக்கு பெரும்பாலும் கோவிலில் நடப்பதில்லை, சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. கோவிலில் பேசுகிறவர் ஒருவர்தான். மற்றவர்கள் முழந்தாளிட்டுக் கேட்பவர்கள். எதிர்த்துப் பேசும் துணிவு அவர்களுக்கு வீட்டில், வான்கோழியை வெட்டிப் பரிமாறும் நேரத்தில்தான் வருகிறது. அந்த வீட்டு அடுப்பும் மதத்துக்கு வெளியே எரிந்ததில்லை. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், தவக்காலத்தில் ஒருசந்தி. 1953 வரை, நற்கருணை வாங்கப்போகிறவர் நள்ளிரவு தொடங்கித் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எதை, எப்போது, எவ்வளவு தின்பது என்பதைத் திருச்சபை வகுத்த நாட்டில், தின்றுகொண்டே பேசும் பேச்சு மதத்தைத் தொடாமல் போவது கடினம்.

இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு கோட்பாடு இருக்கிறது. திருப்பலியில் அப்பமும் திராட்சை இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது கத்தோலிக்க நம்பிக்கை. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் இதற்கான சொல்லை ஏற்றது. 1551இல் திரெந்து சங்கம் அதை உறுதிசெய்தது. உட்பொருள் முழுவதும் மாறிவிடுகிறது. நிறம், மணம், சுவை என்ற புறத்தன்மைகள் அப்படியே நிற்கின்றன. பீடத்தில் இருக்கும் அப்பத்துக்கு இது நடக்குமானால், வீட்டு மேசையில் இருக்கும் ரொட்டி வெறும் ரொட்டிதானா? அயர்லாந்து எழுத்தாளர்கள் விடாமல் திரும்பிவரும் கேள்வி இது. அவர்களில் பலர் நம்பிக்கையைக் கைவிட்டவர்கள், ஆனால் கேள்வியைக் கைவிடவில்லை.

வழக்கு பழையது. 12ஆம் நூற்றாண்டை ஒட்டி எழுதப்பட்ட ‘மக் கொன் கிளின்னேயின் கனவு’ என்ற ஐரிஷ் கதையில், படிப்பை விட்டுக் கவிஞனாகப் புறப்பட்ட ஒருவன் கார்க் நகரத்து மடத்தில் இரவு தங்குகிறான். கிடைப்பது பேன் பிடித்த போர்வையும் திரிந்த பாலின் தெளிநீர் ஒரு கோப்பையும். அவன் மடத்தை வசைபாடுகிறான். மடத்தலைவர் அவனுக்கு மரண தண்டனை விதிக்கிறார். அவனைக் காப்பாற்றுவது ஒரு கனவு: பால் ஏரி, வெண்ணெய்க் கரை, கொழுப்பும் பாலாடைக்கட்டியும் கொண்டு கட்டிய கோட்டை. மன்ஸ்டர் அரசன் காஹல் வயிற்றில் பெருந்தீனிப் பேய் ஒன்று குடியிருக்கிறது. அரசனைக் கட்டிவைத்து, சுட்ட இறைச்சியை வாயருகே காட்டிக் காட்டி, அந்தக் கனவையும் சொல்லிச் சொல்லி, பேயை வெளியே வரவழைக்கிறான் கவிஞன். பேயோட்டுவது துறவியின் வேலை. இங்கே அதைச் செய்து முடிப்பது சாப்பாட்டைப் பற்றிய பேச்சு. சிரிப்புக் கதைதான், ஆனால் விருந்தோம்பத் தெரியாத பக்தி பக்தியே அல்ல என்ற அதன் தீர்ப்பில் விளையாட்டு இல்லை.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்த பிறகு இந்தச் சிரிப்பு கசந்துபோனது. பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். சில இடங்களில் சூப் வேண்டுமானால் புராட்டஸ்டன்ட் சபைக்கு வர வேண்டும் என்று நிபந்தனை வைக்கப்பட்டது. அப்படிப் போனவர்களைச் சூப்போடு சேர்த்துப் பட்டப்பெயர் வைத்து அழைக்கும் வழக்கம் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலம்வரை தொடர்ந்தது. ஒரு கிண்ணம் சூப் ஆன்மாவின் விலையாகிவிட்ட நாட்டில் எந்தச் சாப்பாடும் வெறும் சாப்பாடாக இருக்க முடியாது.

இந்த மரபின் உச்சம் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1882இல் டப்ளினில் பிறந்து, இயேசு சபைப் பள்ளிகளில் படித்து, பின்னர் திருச்சபையை விட்டு விலகியவர். அன்றாட வாழ்வின் ரொட்டியை நிலைத்து நிற்கும் ஒன்றாக மாற்றும் தம் வேலைக்கும் திருப்பலிக்கும் ஒப்புமை உண்டு என்று அவர் சொன்னதாக அவருடைய தம்பி ஸ்டானிஸ்லாஸ் எழுதிவைத்திருக்கிறார். 1916இல் நூலாக வந்த ‘இளைஞனாகக் கலைஞனின் சித்திரம்’ நாவலின் கிறிஸ்மஸ் விருந்தை, மதத்தைப் பற்றி எழுதப்பட்ட குடும்பச் சண்டைகளிலேயே தலைசிறந்தது என்று சொல்லலாம். ஐரிஷ் தேசியவாதிகளின் தலைவராக இருந்த பார்னெல் 1890இல் மணவிலக்கு வழக்கு ஒன்றில் சிக்க, ஆயர்கள் அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார். அந்தத் துக்கம் ஆறாத மேசையில் சிறுவன் ஸ்டீபன் முதல்முறையாகப் பெரியவர்களோடு உட்கார்கிறான். ஆயர்களின் சொல்லுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறாள் டான்டே என்ற பெண்மணி. மேடையிலிருந்து அரசியல் பேசும் குருக்களை ஏசுகிறார் அப்பா. நடுவில் அவர் வான்கோழியின் வால் துண்டைக் குத்தி எடுத்து, யாருக்கு வேண்டும் என்று கேட்கிறார். அந்தத் துண்டுக்கு அங்கே வழங்கும் பெயர் ‘போப்பின் மூக்கு’. யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தானே போட்டுக்கொள்கிறார். ஓர் இறைச்சித் துண்டின் பெயரே கட்சி பிரித்துவிடுகிறது. கடவுளா நாடா என்ற கேள்வி கத்தலில் முடிகிறது, டான்டே எழுந்து போகிறாள், குடும்ப நண்பர் கேசி இறந்த தலைவரை நினைத்து அழுகிறார். சிறுவனுக்குக் கிடைக்கும் மறைக்கல்வி, அழும் பெரியவர்களின் முகங்கள்.

1907இல் எழுதிய ‘இறந்தவர்கள்’ கதையில் தொனி வேறு. மேசையில் வாத்தும் பன்றித்தொடையும் மசாலா மாட்டிறைச்சியும். பேச்சு மவுண்ட் மெல்லரே துறவிகளிடம் போகிறது: பேசுவதில்லை, விடியற்காலை இரண்டு மணிக்கு எழுகிறார்கள், சவப்பெட்டியில் தூங்குகிறார்கள். (கடைசித் தகவல் மக்கள் கட்டிய கதை, மடத்தில் அப்படி ஒரு வழக்கமில்லை.) விருந்தினரில் பிரவுன் ஒரு புராட்டஸ்டன்ட். நல்ல மெத்தை இருக்கச் சவப்பெட்டி எதற்கு என்று அவர் கேட்கிறார். உலகத்துப் பாவிகள் எல்லாருக்காகவும் அவர்கள் பரிகாரம் செய்கிறார்கள் என்று விளக்கப் பார்க்கிறார்கள். முடிவை நினைவூட்ட என்கிறாள் ஒருத்தி. பிரவுனுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. பேச்சு சோகமாகிப்போக, அதை அப்படியே மௌனத்தில் புதைத்துவிட்டு திராட்சை, பாதாம், அத்திப்பழம், ஆரஞ்சு எல்லாம் சுற்றிவருகின்றன. மரணம் பற்றிய கேள்விக்கு மேசை தந்த பதில் பழத்தட்டு. அந்தப் பதில் போதாது என்பதை அதே இரவில், எப்போதோ இறந்துபோன ஓர் இளைஞனின் நினைவு காட்டிவிடுகிறது. ஆனாலும் ஜாய்ஸ் அந்தப் பழத்தட்டைக் கேலி செய்யவில்லை.

1922இல் வெளிவந்த ‘யுலிசிஸ்’ 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளைச் சொல்கிறது. யூதத் தந்தைக்குப் பிறந்த லியோபோல்டு புளூம், யூத மரபு விலக்கிய பன்றியின் சிறுநீரகத்தைக் காலை உணவுக்கு வாங்கி, வறுக்கும்போது கருகவிடுகிறான். நாவலின் பிற்பகுதியில் அந்தக் கருகல் எரிபலி என்ற பெயரோடு திரும்ப வருகிறது. கோவிலுக்குள் எட்டிப்பார்த்து நற்கருணை வழங்குவதைக் கண்டதும் அவன் நினைவுக்கு வருவது நரமாமிசம். மதியம் ஓர் உணவுக்கடையில் ஆண்கள் வழிய வழிய விழுங்குவதைப் பார்த்துக் குமட்டி வெளியேறி, டேவி பிர்ன் மதுக்கடையில் கார்கன்சோலா பாலாடைக்கட்டி வைத்த சாண்ட்விச்சும் ஒரு கிளாஸ் பர்கண்டியும் வாங்குகிறான். நள்ளிரவுக்குப் பின் எக்கிள்ஸ் தெரு வீட்டில் முந்தைய நாவலின் ஸ்டீபனுக்கும் தனக்கும் கோகோ கலக்குகிறான். தன் சொந்தக் கோப்பையை ஒதுக்கிவைத்துவிட்டு, மனைவிக்கு எடுத்துவைத்த பாலேட்டை விருந்தாளிக்கு ஊற்றுகிறான். இருவரும் பேசாமல் குடிக்கிறார்கள். கடைச்சரக்கான அந்தக் கோகோவைச் சொல்லும்போது, திருப்பலியையும் பெருந்திரளையும் ஒருசேரக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஜாய்ஸ் வைத்திருக்கிறார். இது நையாண்டியா, வணக்கமா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டும்தான் என்று கொள்வதே நாவலுக்குப் பொருந்துகிறது.

சாமுவேல் பெக்கெட்டின் ‘தாந்தேயும் கடல் இறாலும்’ கேள்வியைத் தலைகீழாக்குகிறது. 1934இல் நூலில் சேர்ந்த இந்தக் கதையிலும் மதிய உணவு கார்கன்சோலாதான். ஜாய்ஸை நன்கு அறிந்த பெக்கெட் தற்செயலாக அதைத் தேர்ந்தார் என்று நம்புவது கடினம். நாயகன் பெலாக்வாவை நாள் முழுதும் உறுத்துவது கவிஞர் தாந்தேயின் ஒரு சொல். இத்தாலிய மொழியில் பக்திக்கும் இரக்கத்துக்கும் அது பொது. இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாதா என்று யோசிக்கிறான். இரவுச் சாப்பாட்டுக்குத் தான் சுமந்துவந்த கடல் இறால் உயிரோடிருப்பதையும், சித்தி அதை அப்படியே கொதிநீரில் போடப்போவதையும் அப்போதுதான் அறிகிறான். சீக்கிரம் செத்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறான். கதைசொல்லி ஒரே சிறு வாக்கியத்தில் அதை மறுத்துவிடுகிறார்.

ஷேமஸ் ஹீனியிடம் இந்த வழக்கு சத்தமில்லாமல் தொடர்கிறது. 1984இல் இறந்த தாயை நினைத்து எழுதிய கவிதை வரிசை 1987இல் ‘ஹா லாண்டர்ன்’ தொகுப்பில் வந்தது. அதில் ஒன்று ஞாயிறு காலையைச் சொல்கிறது: வீட்டார் எல்லாரும் திருப்பலிக்குப் போயிருக்க, தாயும் மகனும் மட்டும் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறார்கள். பேச்சே இல்லை, உரித்த கிழங்கு வாளித் தண்ணீரில் விழும் ஓசை மட்டும். பல ஆண்டுகளுக்குப் பின் தாயின் மரணப் படுக்கை அருகே குருவானவர் செபம் சொல்ல, சிலர் மறுமொழி சொல்ல, சிலர் அழ, மகனின் நினைவுக்கு வருவது அந்தச் சமையலறை. கடந்த நூறு ஆண்டுகளின் மிகப் பிரியமான கவிதை எது என்று அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2015இல் மக்களைக் கேட்டபோது, அவர்கள் தேர்ந்தெடுத்தது இந்தக் கவிதையைத்தான்.