எந்த விமானம் சிறந்தது?

போர் விமானங்களை ஒப்பிட்டுப் பேசுவதில் நம் இளைஞர்க்கு இன்று பேரார்வம். சேத்துப்பட்டில் பட்டுத்தறி ஓய்ந்த மாலைவேளையிலும் இப்பேச்சு எழக் கேட்கிறோம். 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய பின், நம் ரபேல் பெரிதா, அவர்களிடமுள்ள சீனத்து ஜே-10 பெரிதா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவ்வொப்பீட்டை வீண் என நாம் தள்ளவில்லை. அதற்கும் அறிவு வேண்டும். சுகோய்-30 விமானம் ஏறத்தாழ 38 டன் எடையோடு எழவல்லது, தேஜஸ் 13.5 டன்னோடுதான் எழும். ஆயினும் எடையும் வேகமும் இன்று வெற்றியை முடிவு செய்வதில்லை. கண்ணுக்கெட்டாத தொலைவில் வரும் பகைவனை எவருடைய ராடார் முதலில் காண்கிறது, எவருடைய ஏவுகணை அதிகத் தொலைவு பாய்கிறது, தரையிலிருந்து விமானிக்கு எத்தகைய செய்தி வந்து சேர்கிறது என்பவையே முடிவு செய்கின்றன. ரபேல் சுமக்கும் மீட்டியார் ஏவுகணை 100 கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லும். ஆதலால் விமானத்தை மட்டும் தனியே நிறுத்துப் பார்ப்பது, தறியை விட்டுவிட்டு நாடாவை எடைபோடுவது போன்றதே.

நம்மை உறுத்தும் வினா வேறு. ‘சிறந்தது’ என்னும் சொல்லை எப்பொருளில் ஆளுகிறோம்?

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ், நீதியான போருக்கு உரிய அதிகாரம், நீதியான காரணம், நேரிய நோக்கம் என மூன்றைக் கேட்டார். மூன்றில் ஒன்றேனும் படைக்கலத்தின் ஆற்றலைப் பற்றியதன்று. 16ஆம் நூற்றாண்டில் சலமாங்காவில் கற்பித்த விட்டோரியா, மாசற்றோரை வேண்டுமென்றே கொல்வது ஒருபோதும் ஆகாது என்றார். இங்கேதான் கருவி அறத்தின் எல்லைக்குள் வருகிறது. குறி பிசகாத கருவி, பிசகும் கருவியைவிட மேலானது என்று வாதிட இடமுண்டு.

அவ்வாதம் எவ்வளவு தூரம் செல்லும்? கடலுக்கப்பால் நம் மொழி பேசும் ஊர்களே விடை கூறும். 1995 சூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலி புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தோர்மீது குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீசியது புக்காரா விமானம் என்பர். அது காற்றாடி பூட்டிய, வேகம் குறைந்த விமானம். அடுத்த ஆண்டே இலங்கை இஸ்ரேலின் கிபிர் விமானங்களைப் பெற்றது. (எபிரேயத்தில் அப்பெயருக்குச் சிங்கக்குட்டி என்று பொருள்.) ஒலியைப்போல் இருமடங்கு விரையும் கிபிர், வேகம், உயரம் என எதை எடுத்தாலும் புக்காராவை வெல்லும். 2006 ஆகஸ்டு 14 அன்று வள்ளிபுனத்துச் செஞ்சோலை வளாகத்தைக் கிபிர்கள் தாக்கியதில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் பள்ளி மாணவியர். அங்கே குறி பிசகவில்லை. அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு. முதலுதவிப் பயிற்சிக்கு வந்த மாணவியர் என்றது யுனிசெஃப். பிசகியது விமானமா?

தஞ்சாவூரில் 2020 முதல் நிற்கும் சுகோய் அணி, இரண்டரை டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கவல்லது. அதை ஏவும் விமானி, அது சென்று விழும் இடத்தைக் கண்ணால் காண்பதில்லை. இலக்கைக் குறிக்கும் எண்களே அவருக்குத் தரப்படும். அவ்வெண்களை எழுதிக்கொடுத்தவர் அதற்கு முன் எவ்வளவு விசாரித்தார் என்பதையும் நம் இளைஞர்கள் ஒப்பிடத் தொடங்கினால், நாமும் அத்திண்ணையில் ஓர் ஓரமாய் அமர்ந்து கேட்க ஆயத்தமாயிருக்கிறோம்.