ஆளற்ற ஊருக்கு வர்ணம்

மேஜைப் போர் விளையாட்டுக்கான சின்னஞ்சிறு கட்டிடங்களுக்கு வர்ணம் பூசுவது கலையா, வெறும் கைவேலையா என்ற விவாதத்தில் எனக்கு ருசி இல்லை. அதைக் காட்டிலும் சங்கடமான ஒரு கேள்வி அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது. இடிந்த ஊர் ஒன்றை அழகாகச் செய்து வைப்பதில் கிடைக்கும் சந்தோஷம் எப்படிப்பட்டது? அந்தச் சந்தோஷத்தில் காணாமல் போகிறவர்கள் யார்?

நான் இதை ஆரப்பாளையத்தில், வைகையை ஒட்டிய ஒரு தெருவில் உட்கார்ந்து செய்கிறேன். விளையாட்டு இங்கிலாந்தில் பிறந்தது. ரிக் ப்ரீஸ்ட்லி எழுதி, கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட 'வார்ஹாமர் 40,000'. கதை நடக்கும் காலம் நாற்பத்தோராம் ஆயிரமாண்டு, ஓயாத யுத்தம். 6 அடிக்கு 4 அடி மேஜை, அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் சிப்பாய்கள், பகடை, அளவு நாடா. அவர்களுக்கு நடுவே வைக்க இடிந்த மாளிகையும் துருப்பிடித்த ஆலையும் வேண்டும். தெர்மோகோல், அட்டை, ஐஸ்குச்சி, ஃபெவிகால், சலித்தெடுத்த மணல் - மூலப்பொருள் இவ்வளவுதான். முதலில் முழுக்கக் கறுப்பு. காய்ந்தபின் தூரிகையில் சாம்பல் நிறத்தைத் தொட்டு, பழந்துணியில் அநேகமாக முழுவதையும் துடைத்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டு மேலோட்டமாகத் தேய்க்க வேண்டும். விளிம்புகள் மட்டும் வெளுக்கும். அப்புறம் தண்ணீராய்க் கரைத்த பழுப்பை விட்டால் அது இடுக்குகளில் போய்த் தங்கும். நூறு வருஷத்து அழுக்கு பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறது. காலத்தைப் போலி செய்கிற இந்தச் சாமர்த்தியத்தில் ஒரு போதை உண்டு.

கட்டிடங்களின் வடிவம் யோசிக்க வைப்பது. பெரும்பாலும் இரண்டே சுவர்கள், ஒரு மூலையில் சேர்ந்து நிற்கும். கூரை கிடையாது; ஆட்டக்காரனின் கை உள்ளே போய்ச் சிப்பாயை எடுத்து வைக்க வேண்டும். தரை சமமாக இருக்கும். நிஜமான இடிபாட்டில் கால் வைக்க இடம் இருக்காது. இங்கே பொம்மை சாயாமல் நிற்க வேண்டும். விதிகளைப் பொறுத்தவரை சுவர் என்பது மறைப்பு. குண்டைத் தடுக்கும், பார்வையைத் தடுக்கும். அடுப்படி எது, தொட்டில் கட்டிய உத்தரம் எது என்ற விசாரணைக்கு அங்கே இடமில்லை. ஒரு வீட்டை ஒரே ஒரு உபயோகமாகச் சுருக்கிவிடும் பார்வை இது. யுத்தத்தில் நிஜமான தளபதியும் வீட்டை இப்படித்தான் பார்க்கிறான்.

இந்த ஒற்றுமைக்குச் சரித்திரக் காரணம் இருக்கிறது. வர்ணம் பூசிய நிலத்தின்மேல் படைகளை நகர்த்தும் வித்தையை ராணுவத்தின் தேவை வளர்த்தது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர், மேடுபள்ளமும் ஆறும் சாலையும் கிராமமும் கொண்ட சாந்துக் கட்டிகளை வர்ணம் பூசி, மாற்றி மாற்றி அடுக்கும்படி ஒரு மேஜையைத் தம் அரசருக்குச் செய்து கொடுத்தார். அவர் மகன் 1824இல் அதை வரைபடத்தின்மேல் ஆடும்படி திருத்தியமைக்க, பிரஷ்ய ராணுவம் பயிற்சியாக ஏற்றுக்கொண்டது. எச். ஜி. வெல்ஸ் வேறு திசையில் போனார். 1913இல் வெளிவந்த 'லிட்டில் வார்ஸ்' நூலில், பொம்மை யுத்தம் ஆடிப் பார்த்தவனுக்கு நிஜ யுத்தம் எவ்வளவு பெரிய மடத்தனம் என்று விளங்கிவிடும் என வாதித்தார். 1914இல் யுத்தம் வந்ததும், போர்களுக்கெல்லாம் முடிவு கட்டும் போர் என்று சொல்லி அதை ஆதரித்து எழுதினார். விளையாட்டு கற்பித்த பாடம் வெகுகாலம் தாங்கவில்லை.

நம்மிடம் சிற்றுருவம் செய்யும் மரபு வேறு விதமானது. திருப்பரங்குன்றத்துக்கு அருகே விளாச்சேரியில் களிமண் பிசைந்து கொலுப் பொம்மைகளும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் செய்கிறார்கள். கொலுப்படிக்குக் கீழே பிள்ளைகள் கேழ்வரகு முளைக்க வைத்துப் பச்சை வயல் போடுகிறார்கள். கண்ணாடித் துண்டு குளமாகிறது. செட்டியார் பொம்மை கடையில் உட்காருவதற்காகத்தான் கடை. ஆளுக்காக இடம். போர் மேஜையில் இடம் இருக்கிறது, அதில் சண்டையிட வந்தவர்கள் இருக்கிறார்கள், அதைத் தன் ஊர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. தொல்காப்பியம் வகுத்த முதல், கரு, உரி என்ற பாகுபாட்டில் சொன்னால் முதலும் கருவும் தத்ரூபமாக அமைந்து, உரி மட்டும் பிடுங்கப்பட்ட நிலம்.

ஆனால் கொலுவை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது சுலபம், நேர்மையாகாது. கொலுவில் சாவு இல்லை. குடிலில் இடையர்களும் மூன்று அரசர்களும் உண்டு, ஏரோது கொன்ற குழந்தைகள் இல்லை. எதையாவது வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் சிற்றுருவம் உண்டாகிறது. எதை நிறுத்தினோம் என்ற பிரக்ஞை செய்கிறவனுக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

இது எங்கோ, என்றோ, வேற்றுக் கிரகத்தில் நடப்பது என்று சமாதானம் சொல்வார்கள். கதை எதிர்காலத்தில் இருக்கலாம். நிறங்கள் எதிர்காலத்திலிருந்து வருவதில்லை. ஜன்னலுக்கு மேலே கரி எப்படி ஏறும் என்பதைக் கை எங்கோ பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் புகைப்படங்களைப் பார்த்திருக்கும் தமிழனின் கைக்கு, கூரையற்ற சுவரும் கரி படிந்த ஜன்னலும் வெறும் உத்தியாக இருக்க முடியுமா?

புறநானூற்றில் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார் இருக்கிறார். பாண்டியன் அவன். 15ஆம் பாட்டில் பகைவர் தெருக்களைக் கழுதை பூட்டி உழுததை அவன் பெருமையாகச் சொல்கிறார். அழிந்த ஊர் அழகாவதற்கு நாம் இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை. ஆனால் அதே புலவர் அதே அரசனைப் பற்றிய 9ஆம் பாட்டில், அம்பு விடுமுன் அகன்று போகவேண்டியவர்களைப் பெயரிட்டு நிறுத்துகிறார்: பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவர்கள். எல்லாரும் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தும் அது ஒரு பட்டியல். போர் மேஜை அந்த அறிவிப்புக்குப் பிந்தைய ஊர். அங்கே அறிவிப்பே செய்யப்படவில்லை. ஆளற்ற ஊர் இயற்கையாகக் கிடைத்தது போல வைக்கப்பட்டிருக்கிறது. ஊர் ஆளற்றதாகப் பிறப்பதில்லை. யாரோ அகற்றப்பட்டு ஆகிறது.

எங்கள் ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் ஆவணி மூலத்தில், பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். கூலியாளாக வந்தவன் முதுகில் பாண்டியன் பிரம்பு விழுந்தபோது அந்த அடி அரசன்மேலும் சகல ஜீவராசிகள்மேலும் பட்டது என்பது கதை. பக்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இது ஒரு உலகப் பார்வை: ஒருவன் முதுகில் விழுவது எல்லார் முதுகிலும் விழுகிறது. பகடை மேஜையில் அடி விழுகிறது. யார் முதுகிலும் படுவதில்லை. விளையாட்டு என்பதற்கு அதுதான் இலக்கணம் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். விளையாட்டைக் கைவிடச் சொல்ல நான் வரவில்லை.

வர்ணம் பூசுகிறவனுக்கு ஒரு கடமை மட்டும் இருப்பதாகப் படுகிறது. இப்போதெல்லாம் கறுப்புக்கும் சாம்பலுக்கும் முன்னால் உட்சுவரில் நீலம் கலந்த சுண்ணாம்பு நிறத்தைப் பூசிவிடுகிறேன். மேலே எத்தனை அழுக்கு ஏற்றினாலும் ஓரத்தில் அது கொஞ்சம் தெரியும்படி விடுகிறேன். ஒரு மூலையில் அடுப்புக்கரி, குண்டின் கரியிலிருந்து வேறுபட்டு, தரையிலிருந்து குறுகலாக மேலேறுகிறது. ஆட்டத்தின் விதிகளில் இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. இதுவும் ஒரு அலங்காரமாகிவிடும், துயரமும் ஒரு வர்ணமாகிவிடும் என்று ஆட்சேபிக்கலாம். அந்த அபாயம் மெய். ஒவ்வொரு சுவரிலும் நீலத்தை வைத்தால் அது இன்னொரு உத்தியாகச் செத்துப்போகும். எந்தச் சுவரில் வைப்பது என்று தீர்மானிக்க, அங்கே யார் இருந்திருப்பார்கள் என்று ஒரு தடவையாவது யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனை நடக்கிற நேரத்துக்காகவே இந்த வேலையைத் தொடர்ந்து செய்கிறேன்.