சீண்டியவர் யார்?

ஸ்பானிய மொழியில் ‘புரொவொகதோர்’ என்றால் வலியச் சென்று பிறரைச் சினமூட்டுகிறவன். ‘புரொவொகதீவோ’ என்பதோ பெரும்பாலும் கண்ணை ஈர்க்கும் உடைக்கும் தோற்றத்துக்கும் வழங்குவது. ஆங்கிலத்தில் பெயர்க்கையில் இரண்டுமே ‘புரொவோகேட்டிவ்’ ஆகிவிடுகின்றன. வம்புக்காரனும் அழகாய் உடுத்தியவளும் ஒரே சொல்லுக்குள் அடைபடுகிறார்கள். இது மொழிபெயர்ப்பாளரின் இக்கட்டு மட்டுமன்று.

நம் சேலம், நாமக்கல் பேச்சில் சீண்டுதல், உசுப்பிவிடுதல், வம்பிழுத்தல் என்று சொற்கள் உண்டு. எல்லாவற்றிலும் ஒருவன் வேண்டுமென்றே ஏதேனும் செய்தாக வேண்டும். குளவிக்கூட்டில் கல்லெறிகிறவன் சீண்டுகிறான். சேலத்தில் ஆத்தூர்ப் பேருந்துக்காக நிற்கும் பெண் யாரைச் சீண்டினாள்? ஆயினும் அவளுக்குத் தீங்கு நேர்ந்தால், அவனை அவள் உடை தூண்டிவிட்டது எனக் கோயில் முற்றத்திலேயே பேசக் கேட்கிறோம். இலக்கணத்தைக் கவனியுங்கள்: உடை எழுவாய், தீங்கிழைத்தவன் வெறும் செயப்படுபொருள்!

அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கு ‘அழைத்தல்’ என்று பொருள். குருத்துவ அழைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே வேர். அழைப்பு என்றால் அழைக்கிறவர் வேண்டுமே. அவள் எவரையும் அழைக்கவில்லை.

அடக்கம் வேண்டாமா என்பர். வேண்டும், இருபாலர்க்கும். ஆனால் ஒருவரது அடக்கக்குறைவு மற்றவரது கைக்குக் கட்டளை ஆகாது. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இச்சையோடு நோக்குகிறவனிடம் அவனுடைய கண்ணைப் பற்றியே பேசுகிறார். நோக்கப்பட்டவளின் ஆடையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.